ஏ.எல். பிள்ளைக்கு இன்னொரு ரியூசனா?

2025 மார்ச் 2, ஞாயிறு. கேட்டவர்: யாழ்ப்பாணம் இணுவிலிலிருந்து ஒரு அம்மா

மகன் இந்த வருடம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை), பயோ பிரிவு. காலை ஐந்தே முக்காலுக்குப் பௌதிகவியல் வகுப்பு, அதிலிருந்து நேரே பள்ளிக்கூடம், இரண்டரைக்கு இரசாயனவியல், பிறகு உயிரியல். வீட்டுக்கு வர ஏழரையாகும். சனி ஞாயிறு பேப்பர் கிளாஸ், ரிவிஷன் கிளாஸ். இரவு ஒரு மணிவரை மேசையில்தான் இருக்கிறான். போன தவணைச் சோதனையில் மூன்று பாடமும் இறங்கிவிட்டது. ரவுணில் இன்னொரு சேர் பௌதிகவியல் நன்றாகச் செய்கிறாராம், அவரிடமும் விடச் சொல்கிறார்கள். காசு கனடாவில் இருக்கிற தம்பி அனுப்புவான். விடட்டா?

மார்ச் 2, இரவு

விட வேண்டாம். இருப்பதில் ஒன்றை நிறுத்துங்கள்.

நான் இரசாயனவியல் படிப்பிக்கிற ஆள். என் வீட்டுக்காரர் ரியூசன் சேர். அவர் இந்தப் பக்கமே வருவதில்லை என்ற துணிவில் எழுதுகிறேன்.

உங்கள் கணக்கையே எடுங்கள். ஒரே பௌதிகவியல் பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் கேட்கிறான், காலை வகுப்பில் கேட்கிறான், பேப்பர் கிளாஸில் சேர் செய்து காட்டக் கேட்கிறான். மூன்று இடத்திலும் செய்வது இன்னொருவர், பார்ப்பது இவன். நான்காவது ஆளும் செய்து காட்டினால் இவன் கை எப்போது ஓடும்? சோதனை மண்டபத்தில் எந்தச் சேரும் பக்கத்தில் நிற்கப் போவதில்லை.

மகனிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இந்தக் கிழமை யாரும் காட்டித் தராமல், கொப்பியைத் திறக்காமல், நீயாகத் தொடங்கி நீயாக முடித்த கணக்கு எது? அவன் முகத்தைப் பார்த்தாலே மறுமொழி தெரிந்துவிடும்.

மார்ச் 3

இரவு ஒரு மணிவரை என்று எழுதியிருந்தீர்கள். காலை ஐந்தே முக்கால் வகுப்பென்றால் ஐந்துக்காவது எழும்ப வேண்டும். ஆக நான்கு மணி நேர நித்திரை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டு மணி நேரம் வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அந்த வயதில் உடம்பே பிந்தித்தான் நித்திரைக்கு ஆயத்தமாகும், பிந்தித்தான் விழிக்கும். பத்து மணிக்கே படுத்துவிடு என்று சொன்னாலும் வராது. காலையை வெட்டினால்தான் உண்டு.

பகலில் படித்தது மூளையில் தங்குவதும் நித்திரையில்தான். நித்திரையை வெட்டிப் படிப்பவன் படித்ததையும் சேர்த்து வெட்டுகிறான்.

அந்த ஒரு மணிவரை என்ன செய்கிறான் என்றும் ஒருநாள் எட்டிப் பாருங்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை. சேதன இரசாயனம் முழுவதையும் மூன்று நிற மையில் பிரதி பண்ணி வைத்திருந்தாள், தலைப்புக்குச் சிவப்பு, தாக்கத்துக்கு நீலம், நிபந்தனைக்குப் பச்சை. கண்காட்சியில் வைக்கலாம், அவ்வளவு வடிவு. கொப்பியை மூடிவிட்டு, அற்ககோலில் தொடங்கி அல்டிகைட்டுக்கு வருகிற வழியை எழுது என்றேன். பேனையைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். சோம்பேறி என்று அந்தப் பிள்ளையை யாரும் சொல்ல முடியாது. இரவிரவாக உழைத்திருக்கிறாள். உழைப்பெல்லாம் கைக்குப் போனதே தவிரத் தலைக்குப் போகவில்லை.

மார்ச் 9

பாஸ்ட் பேப்பரை, அதாவது முந்தைய வருடங்களின் வினாத்தாளை, எப்படிச் செய்வது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். “பத்து வருடப் பேப்பர் செய்து முடித்துவிட்டேன்” என்று சொல்கிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தவர்கள். அது கதைப் புத்தகம் வாசிப்பதுதான்.

இரசாயனவியல் முதலாம் பத்திரம் 50 பல்தேர்வு, இரண்டு மணி நேரம். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. அதனால் வீட்டில் செய்வதென்றால் மேசையில் ஒரு மணிக்கூடு, போன் அம்மாவிடம், கதவு சாத்தியபடி, ஒரே இருப்பில் இரண்டு மணி நேரம். தெரியாத கேள்வியில் தொங்கிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போகப் பழகுவதே பாதி வேலை. இரண்டாம் பத்திரம் மூன்று மணி நேரம். அதை ஒரே இருப்பில் எழுதிப் பார்த்த பிள்ளைக்குத்தான் கடைசி அரை மணித்தியாலம் கை எப்படி வலிக்கும் என்று தெரியும்.

அப்புறம் புள்ளித்திட்டம். பரீட்சைத் திணைக்களம் வெளியிடுகிற மார்க்கிங் ஸ்கீமை எடுத்துச் சிவப்புப் பேனையால் பிள்ளையே தன் விடையைத் திருத்த வேண்டும். இரக்கம் காட்டக் கூடாது. ஒரு பெடியன் போன வருடம் என் முன்னால் இருந்து தன் பேப்பரைத் திருத்தினான். தாக்கம் சரி, விளைவு சரி. அம்புக்குறிக்கு மேலே செறிந்த சல்பூரிக்கமிலம் என்று எழுதவில்லை. “எனக்குத் தெரியும்தானே மிஸ்” என்றான். தெரியும், தாளுக்குத் தெரியாது. அந்தப் பேப்பரில் நிபந்தனை விட்டது, அலகு விட்டது, சமன்பாட்டில் பௌதிக நிலை விட்டது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தான். படிக்காமல் விட்ட பாடத்தால் போனதைவிட, தெரிந்தும் எழுதாமல் போன புள்ளிதான் கூட. அதற்கு ஒரு புதிய சேர் தேவையில்லை.

பிழைவிட்ட இடங்களுக்கென்று ஒரு தனிக் கொப்பி வைக்கச் சொல்லுங்கள். ஒற்றை நிற மை போதும்.

மார்ச் 16

கீழே சாவகச்சேரி அண்ணன் எழுதியிருக்கிறார்: “நாங்கள் போத்தல் விளக்கில் படித்தோம், ஷெல்லடிக்குள் சோதனை எழுதினோம், இவர்களுக்கு என்ன குறை?”

நானும் போத்தல் விளக்கில் படித்தவள்தான் அண்ணை. மண்ணெண்ணெய் என்ன விலை விற்றது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது சனத்துக்குள் புத்தகப் பையோடு போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி. ஆனால் அதைச் சொல்லி இந்தப் பிள்ளைகளின் வாயை அடைப்பதை நான் நிறுத்தி நிறையக் காலம்.

ஒன்று, அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் தப்பிப் படித்தவர்கள். படிக்க முடியாமல் போனவர்கள் இங்கே வந்து எழுதுவதில்லை. என் வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள்.

இரண்டு, இவர்களுக்கும் குறைவில்லாமல்தான் கிடைத்திருக்கிறது. இப்போது ஏ.எல். எழுதப் போகிற பிள்ளை போர் முடியும்போது இரண்டு மூன்று வயதுக் குழந்தை. கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டி, போனில் சிக்னல் தேடிப் படித்தது. 2022இல் மின்வெட்டு, எரிபொருள் வரிசை. போன ஏ.எல். 2024 நவம்பர் 25இல் தொடங்கியது, மழை வெள்ளத்தால் 27 முதல் நிறுத்தினார்கள், டிசம்பர் 4இல்தான் மறுபடி தொடங்கியது. நாளைக்குச் சோதனை என்று ஆயத்தப்பட்டிருந்த பிள்ளை, வீட்டுக்குள் வெள்ளம் நிற்க, இன்னொரு கிழமை அதே பதற்றத்தோடு இருந்தது. எந்தக் குறை பெரிது என்று தராசில் நிறுக்க நான் வரவில்லை.

விளக்குக் கதையைச் சொல்லுங்கள், சோதனை முடிந்த பிறகு. அப்போது ஆவலாகக் கேட்பார்கள்.

மார்ச் 17

சாவகச்சேரி அண்ணன் கோபிக்கவில்லை, சந்தோசம். அவர் கேட்ட இன்னொன்று: முன்பு ஏ.எல். ஓகஸ்டில் வரும், நல்லூர்த் திருவிழாவும் அதோடு வரும், அதைச் சமாளித்த பிள்ளைகளுக்கு இப்போது எல்லாம் சுகம்தானே என்று. ஓமோம். காலையில் வினாத்தாள், மாலையில் கச்சான் கடை. சோதனை நேரத்தில் கோயிலுக்குப் போகாதே என்று எந்த அம்மாவுக்கும் சொல்ல வாய் வராது, பிள்ளைகளுக்கும் அது நன்றாகத் தெரியும். முருகனை இழுத்துத்தான் எத்தனை பேர் வெளியே போய் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வந்தோம்!

ஏப்ரல் 5

ஓ.எல். (சாதாரணதரப் பரீட்சை) எழுதிய பிள்ளையின் அப்பா ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், எந்தப் பிரிவுக்கு விடலாம் என்று. பொதுவாகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிரிவு தெரிவு செய்வது பிள்ளை அல்ல. பெறுபேறு தெரிவு செய்யும், சொந்தக்காரர் தெரிவு செய்வர், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன செய்கிறது என்பது தெரிவு செய்யும். ஒன்பது ஏ எடுத்தால் பயோ அல்லது மெத்ஸ், நடுவில் வந்தால் வர்த்தகம், மிச்சம் கலை. தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கி, 2015இல் அந்தப் பிரிவில் முதல் ஏ.எல். நடந்தது. இன்றைக்கும் சில வீடுகளில் “டெக்” என்றால் ஏதோ தோற்றுப் போனவர்கள் போகும் இடம் என்ற நினைப்பு. என் கையால் பேப்பர் திருத்திய டெக் பிள்ளை ஒன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடத்தில் படிக்கிறது. விடுமுறைக்கு வந்தால் தெருவில் உள்ளவர்களுடைய தண்ணீர் மோட்டர்கள் எல்லாம் அவனிடம்தான் வரும். அதே தெருவில் மூன்றாம் தரமும் பயோ எழுதி, மெடிசினுக்குக் காணாமல், வேறு எதற்கும் மனம் ஒப்பாமல் இருக்கிற பிள்ளையும் உண்டு. அவளுக்கு உயிரியல் பிடிக்கும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. டொக்டர் பிடிக்கும், அதுவும் அப்பாவுக்கு.

பிள்ளையிடம் “என்னவாக வரப் போகிறாய்” என்று கேட்காதீர்கள். பதினாறு வயதில் அதற்கு நேர்மையான மறுமொழி இல்லை. எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமல் எடுத்து வைத்துப் படிக்கிறாய் என்று கேளுங்கள். அதற்கு மறுமொழி இருக்கும்.

வாசல்களையும் தெரிந்து வையுங்கள். கோப்பாயில் தேசிய கல்வியியற் கல்லூரி. யாழ்ப்பாணத்திலேயே உயர் தொழினுட்பவியல் நிறுவகம், அங்கே உயர் தேசிய டிப்ளோமா. தொழினுட்பக் கல்லூரி. கிளிநொச்சியில் ஜேர்மன் பயிற்சி நிறுவகம். என்.வி.கியூ. என்கிற தொழிற் தகைமை ஏழு மட்டம் வரை போகிறது, ஏழு என்றால் பட்டத்துக்குச் சமம். திறந்த பல்கலைக்கழகத்துக்கும் இங்கே பிராந்திய நிலையம் உண்டு. இவற்றில் ஒன்றையும் தோற்றவர்களின் பட்டியலாக வாசிக்காமல், இப்போதே, சோதனைக்கு முதலே, பிள்ளையோடு ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சைக்கிளில் போகிற தூரம்தான் பாதி. இதுதான் வழி என்று இருக்கும்போது வருகிற பயமும், இதுவும் ஒரு வழி என்று இருக்கும்போது வருகிற பயமும் ஒன்றல்ல. இரண்டாவதோடு மேசையில் இருந்து படிக்கலாம்.

ஏப்ரல் 27

நேற்று போன ஏ.எல். பெறுபேறு வந்தது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் வெடி, ஒரு வீட்டில் கேற் பூட்டு.

வெடி கொளுத்துகிற வீட்டுக்காரருக்குச் சொல்ல எதுவும் இல்லை, கேக் தந்தார்கள், நன்றாக இருந்தது. பூட்டியிருக்கிற வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: எத்தனை ஏ என்று கேட்காமல் போங்கள். “பரவாயில்லை, அடுத்த தரம் பார்க்கலாம்” என்றும் சொல்லாதீர்கள். அடுத்த தரம் எழுதுவதா என்று அந்தப் பிள்ளையே இன்னும் தீர்மானிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற போன்களை ஒரு மூன்று நாளைக்கு அம்மாவே எடுத்துப் பேசிவிடட்டும்.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியைப் பற்றி நேற்றிலிருந்து காதில் விழுவதெல்லாம் பயங்கரம். “எண்பது எடுத்தும் இசட் குறைந்துவிட்டது, திருத்தியதில் பிழை” என்கிறார்கள். இசட் என்பது எடுத்த புள்ளி அல்ல. நாடு முழுவதும் அந்தப் பாடத்தை எழுதியவர்களின் சராசரியிலிருந்து நீ எவ்வளவு தள்ளி நிற்கிறாய் என்பதை, அந்தப் பாடத்தின் நியம விலகலால் பிரித்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுப்பது. 2001 முதல் இதுதான் முறை. பாடம் எல்லாருக்கும் இலகுவாக வந்தால் எண்பதுக்கும் பெறுமதி குறையும். அதனால் “எத்தனை புள்ளி எடுத்தால் மெடிசின்” என்று வகுப்பில் கேட்கிற பிள்ளைக்கு நான் மறுமொழி சொல்வதே இல்லை.

மாவட்டக் கோட்டாவைப் பற்றியும் ஒரு வரி. 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் மாவட்டங்களுக்கு மக்கள் தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. கலைப்பிரிவுக்கு அகில இலங்கைத் தகுதி மட்டும். யாழ்ப்பாண வெட்டுப்புள்ளியும் முல்லைத்தீவு வெட்டுப்புள்ளியும் வேறுபடுவது இதனால்தான். அந்தப் பிள்ளைகள் யாருடைய இடத்தையும் களவெடுக்கவில்லை. கீழே ஒருவர் அப்படி எழுதியிருந்ததை நிர்வாகம் எடுத்துவிட்டது, நல்லது.

மே 11

ரியூசனை நிறுத்துங்கள் என்று மார்ச்சில் எழுதியதை நான் கைவிடவில்லை. ஆனால் ஒரு பெட்டை அனுப்பிய செய்தியை வாசித்த பிறகு ஒன்றைச் சேர்க்க வேண்டும் போலிருக்கிறது.

அவள் கேட்டது: “மிஸ், நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு அம்மா உயிரியல் வகுப்பை நிற்பாட்டிவிட்டா. எனக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் சிநேகிதிகளைப் பார்க்கிற இடம் அந்த வகுப்பு ஒன்றுதான். வகுப்பு முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்திவரை கதைத்துக்கொண்டு வருவோம். இப்போது அதுவும் இல்லை.”

பெடியன்களுக்கு மைதானம் உண்டு, வாசிகசாலை வாங்கு உண்டு, மதகு உண்டு. இந்த ஊரில் பதினெட்டு வயதுப் பெட்டைக்குக் காரணம் கேட்காமல் வெளியே போக அனுமதியுள்ள ஒரே இடம் ரியூட்டரி. அதைப் படிப்பாக மட்டும் பார்த்து வெட்டினால் வேறு எதையோ சேர்த்து வெட்டுகிறோம்.

ஆகவே எதை நிறுத்துவது என்பதைப் பிள்ளை தெரிவு செய்யட்டும். அதிகாலை வகுப்பு போகலாம், சிநேகிதியோடு வருகிற மாலை வகுப்பு இருக்கலாம். அந்தப் பிள்ளையின் தாயோடு கதைத்தேன். உயிரியல் திரும்ப வந்துவிட்டது, காலைப் பௌதிகவியல் போய்விட்டது. இதை வாசித்துவிட்டு “மிஸ் சொன்னவா” என்று இனி ஒருவரும் தாங்களாக வெட்டாதீர்கள், தயவுசெய்து.

(வீட்டுக்காரருக்கு விசயம் தெரிந்துவிட்டது. “இரண்டு பிள்ளை நின்றுவிட்டது, உனது எழுத்தாம்” என்றார். மூன்றாவதாக ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. வரவுப் புத்தகத்தில் பார்த்தேன்.)

மே 25

இந்த இழையில் நான் எழுத நினைத்த முக்கியமான விசயமே இன்னும் வரவில்லை. அதாவது பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்பது.

இணைந்த கணிதம் உங்களால் சொல்லிக் கொடுக்க முடியாது. என்னாலும் முடியாது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு மேசைக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விடுவதால் ஒரு புள்ளியும் கூடாது. ஆனால் கடதாசி வேலை முழுவதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். சோதனையில் தவறியவர்களை எண்ணலாம். கடதாசியில் தவறியவர்களை ஒருவரும் எண்ணுவதில்லை.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடா வருடம் அனுமதிக் கைநூல் ஒன்று வெளியிடும். தமிழிலும் வரும். தடித்த புத்தகம். பிள்ளை இருபது பக்கம் வாசிக்கும், மிச்சத்தைச் சிநேகிதனிடம் கேட்கும், சிநேகிதன் தன் அண்ணனிடம் கேட்டிருப்பான். அம்மாவோ அப்பாவோ மாமாவோ, யாராவது ஒரு பெரியவர் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து பென்சிலோடு வாசிக்க வேண்டும். போன வருடக் கைநூலையே இப்போது வாசிக்கத் தொடங்கலாம், சட்டகம் பெரிதாக மாறுவதில்லை.

அதில் நான் வருடா வருடம் பார்க்கிற இடறல்கள்:

யுனிகோட். ஒவ்வொரு கற்கைநெறிக்கும், அது நடக்கிற பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஓர் இலக்கம். அந்த இலக்கங்களை விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கில் நிரப்ப வேண்டும். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவார்கள், உன் இசட் எட்டுகிற முதலாவது எதுவோ அதைத் தருவார்கள். கொழும்பு மெடிசினை முதலில் போட்டால் யாழ்ப்பாணம் கைவிட்டுப் போகும் என்பது பொய். எட்டாததை மேலே போட்டால் ஒன்றும் குறையாது. எட்டுகிற, ஆனால் விருப்பமில்லாத ஒன்றை மேலே போட்டால்தான் ஆபத்து, அதில் நின்றுவிடும். ஒரு பள்ளிக்கூடத்தில் (பெயர் வேண்டாம்) வழிகாட்டல் கூட்டத்திலேயே இதைத் தலைகீழாகச் சொல்லிக் கொடுத்தார்கள். என் மருமகள் அந்தக் கூட்டத்தில் இருந்தவள். வீட்டுக்கு வந்து பட்டியலைத் திருப்பிப் போட்டோம்.

பட்டியலை இரண்டு மூன்றோடு நிறுத்துவது அடுத்தது. “மெடிசின், டென்டல், அவ்வளவுதான் மிஸ்” என்பார்கள். பயோ பிள்ளைக்குக் கைதடியில் சித்த மருத்துவம் உண்டு, தாதியியல் உண்டு, விவசாயம் உண்டு. சட்டத்துக்குப் பிரிவு பார்ப்பதில்லை. வேறு என்ன தகைமை வேண்டும் என்று கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில கற்கைநெறிக்கு ஓ.எல். ஆங்கிலத்திலோ கணிதத்திலோ சீ (C) தரம் கேட்பார்கள், அதுவும் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும்.

உளச்சார்புப் பரீட்சைதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. கட்டடக்கலை, விளையாட்டு விஞ்ஞானம், மொழிபெயர்ப்பு, மருதனார்மடத்தில் சங்கீதம், நடனம், சித்திரம். இவற்றுக்கு ஆணைக்குழு விண்ணப்பம் மட்டும் போதாது. அந்தந்தப் பல்கலைக்கழகம் பேப்பரிலும் இணையத்தளத்திலும் தனியாக விளம்பரம் போடும், அதற்குத் தனியாக விண்ணப்பித்துச் சோதனை எழுதிச் சித்தியடைய வேண்டும். சின்ன வயதிலிருந்து வயலின் படித்த ஒரு பிள்ளை. பட்டியலில் சங்கீதத்தை முதலாவதாகப் போட்டிருந்தாள். விளம்பரம் வந்த கிழமை வீட்டில் சாமத்திய வீடு, யாரும் பேப்பர் பார்க்கவில்லை. அந்த வருடம் போயிற்று.

பிறகு ஏ.எல்.லோடு சேர்த்து எழுதுகிற பொதுச் சாதாரணப் பரீட்சை. நூற்றுக்கு முப்பது எடுக்க வேண்டும். இதை ஒரு பிள்ளையும் படிப்பதில்லை, அநேகமாக எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். அந்த அநேகத்துக்குள் வராத ஒருவர் இருவருடைய கதையை இங்கே எழுத மனம் வரவில்லை.

முடிவு திகதிகளைக் கலண்டரில் எழுதி, சுவாமி படத்துக்குப் பக்கத்தில் கொழுவுங்கள். தினமும் கும்பிடுகிற இடத்தில் இருந்தால் கண்ணில் படும்.

ஜூன் 8

இணுவில் அம்மா எழுதியிருக்கிறா. காலை வகுப்பை நிறுத்திவிட்டார்களாம். பதினொன்றரைக்குப் படுக்கிறான், ஆறுக்கு எழும்புகிறான். சனிக்கிழமை காலை மணிக்கூடு வைத்துப் பேப்பர். புள்ளி இன்னும் கூடவில்லை. “ஆனால் சாப்பிடும்போது கதைக்கிறான்” என்று எழுதியிருந்தா.

புள்ளிக்குக் கொஞ்சம் பொறுங்கள். பார்த்துப் பழகியவன் தானாகச் செய்யத் தொடங்கினால் முதலில் இறங்கித்தான் ஏறும்.

சாப்பிடும்போது கதைக்கிறான் என்ற வரியை இரண்டு முறை வாசித்தேன். ஏனென்றால் கதைக்காமல் போகிற பிள்ளைகளைத்தான் எனக்குப் பயம். கத்துகிற பிள்ளை, கதவை அடித்துச் சாத்துகிற பிள்ளை, அதெல்லாம் சரி. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழும்புகிற பிள்ளை, சிநேகிதரின் போனை எடுக்காத பிள்ளை, கிழமைக்கணக்காக நித்திரை இல்லாத பிள்ளை, “நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செலவு மிச்சம்” என்று பகிடி மாதிரிச் சொல்கிற பிள்ளை. அதைப் பகிடியாக எடுக்காதீர்கள். பக்கத்தில் இருந்து நேரடியாகவே கேளுங்கள், சாக வேண்டும் போல இருக்கிறதா என்று. கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. இருக்கிறதை வெளியே எடுக்கத்தான் அது உதவும். ஓம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

யாழ் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, காசில்லை. 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். 1333இலும் ஆற்றுப்படுத்துநர்கள் இருக்கிறார்கள், அழைப்பு இலவசம். “அங்கே போனால் விசர் என்று ஊர் சொல்லும், பிறகு கலியாணம் பேசுவது எப்படி” என்று ஒரு தகப்பன் என்னிடமே கேட்டார். பிள்ளைக்குப் பதினேழு வயது. நான் அவருக்குச் சொன்னதை இங்கே எழுதினால் நிர்வாகம் இதையும் எடுத்துவிடும்.

பள்ளிக்கூடங்களில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் ஒருவர் இருப்பார். அறை இல்லாவிட்டாலும் ஆள் இருப்பார். நான் அந்தப் பொறுப்பில் இருந்த காலத்தில் எனக்குத் தந்த இடம் விளையாட்டுப் பொருட்கள் வைக்கிற அறை. ஈட்டிக்கும் தட்டுக்கும் நடுவில் இரண்டு கதிரை. பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. பந்து எடுக்க வந்தேன் என்று சொல்லிவிட்டு வரலாம், யாரும் பார்த்துவிட்டுக் கதை கட்ட மாட்டார்கள்.

ஜூன் 22

ஏ.எல். எழுதி முடித்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார், பல்கலைக்கழகம் தொடங்கும்வரை என்ன செய்வது, வீட்டில் இருக்க விசராக இருக்கிறது என்று.

ஆங்கிலம். மருத்துவமோ பொறியியலோ விஞ்ஞானமோ, அங்கே எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழில் படித்து மூன்று ஏ எடுத்த என் மகள் முதல் மாதம் தினமும் இரவு போன் எடுத்து அழுதாள். பாடம் அவளுக்குத் தெரிந்த பாடம்தான், விரிவுரையாளரின் வேகத்துக்கு எழுதத்தான் முடியவில்லை. ஆகவே இலக்கண வகுப்புக்கு ஓடாமல், நீங்கள் ஏ.எல்.லில் படித்த அதே அலகுகளை ஆங்கிலப் புத்தகத்தில் வாசியுங்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆங்கில மொழிமூல நூல்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. விசயம் தெரியும் என்பதால் மொழி தானாக ஒட்டும். ஒரு நாளைக்கு நான்கு பக்கம் காணும்.

பல்கலைக்கழகம் கிடைக்குமா என்று உறுதியில்லை என்றால் ஏதாவது என்.வி.கியூ. பயிற்சியில் இப்போதே சேருங்கள். கிடைத்தால் விட்டுவிட்டுப் போகலாம், கிடைக்காவிட்டால் ஒரு வருடம் முந்தி நிற்பீர்கள்.

மோட்டார் சைக்கிள் லைசென்ஸையும் எடுத்துவிடுங்கள். ரியூசன் எடுக்கலாமா என்று கேட்டதற்கு: ஓ.எல். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் எடுக்கலாம், நல்ல பழக்கம், கைச்செலவுக்கும் காணும். காலை ஐந்தே முக்காலுக்கு மட்டும் வைக்காதீர்கள்.